அடையாள அட்டை எண்ணும் பழைய பெயரும்

வாசகர் கடிதம்:

"அக்கா, எனக்கு வயது 26. திருநம்பி. கோண்டாவிலில் இருக்கிறேன். மகளிர் கல்லூரி ஒன்றில் படித்து, கம்பஸ் முடித்து, இப்போது யாழ்ப்பாணத்திலேயே ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பிக்கப் போகிறேன். ஆனால் கூகுளில் தேடினால் பழைய பெயர்தான் முன்னுக்கு வருகிறது. கம்பஸ் காலத்தில் திறந்த மூலத் திட்டங்களுக்கு எழுதிய நிரல், ஓர் ஆய்வுக் கட்டுரை, அம்மம்மாவின் மரண அறிவித்தல், எல்லாவற்றுக்கும் மேலாக என் சாமத்திய வீட்டு வீடியோ. எல்லாவற்றையும் அழிக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் பழைய வேலைகளை அப்படியே கைவிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?"

பதில்:

தம்பி,

கடிதத்தின் அடியில் உங்கள் இரண்டு பெயரையும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் இங்கே போடவில்லை. ஊரையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் பதிலும் இணையத்தில் கிடக்கப்போவதுதானே.

எல்லாவற்றையும் அழிக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. ஆனால் நீங்கள் படுகிற பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இன்றைய உங்கள் பெயரைத் தெரிந்த ஒருவர், அதைப் பிடித்துக்கொண்டு பழைய பெயருக்குப் போய்ச் சேருவதுதான் உங்களுக்குப் பிரச்சினை. பழைய பெயர் எங்கோ ஒரு மூலையில் யாருக்கும் சம்பந்தமில்லாமல் கிடந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆக, இரண்டையும் இணைக்கிற கண்ணி எது என்று பார்த்து, எதை அறுப்பது, எதை அறுக்காமல் வைத்திருப்பது என்று முடிவெடுக்க வேண்டும். சிலதை அறுத்தால் உங்களுக்கே நட்டம்.

அரச கடதாசிகளில் அந்தக் கண்ணி பெரும்பாலும் பெயர் இல்லை, எண். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க அட்டை என்றால் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. 2016இலிருந்து வருகிற பன்னிரண்டு இலக்க அட்டை என்றால் முதல் நான்கு இலக்கம். அதற்கு அடுத்த மூன்று இலக்கம், ஆண்டில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாகப் பதியப்பட்டவருக்கு அதில் 500 கூட்டப்படும். பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. பெயரை மட்டும் மாற்றிப் பழைய எண்ணோடு நடந்தால், வங்கியிலோ சோதனைச் சாவடியிலோ எண்ணை வாசிக்கத் தெரிந்த எவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும்போது பெயர்த் திருத்தத்தோடு நின்றுவிடாமல், பால் விவரத்தையும் திருத்தி அதற்குரிய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். புதிய அட்டை கைக்கு வந்ததும் அந்த மூன்று இலக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படம் எப்படி வந்திருக்கிறது என்று பிறகு கவலைப்படலாம்.

வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் 2016இல் விட்ட சுற்றறிக்கைகளின்படி, அங்கீகாரச் சான்றிதழை வைத்துப் பிறப்புப் பதிவு திருத்தப்படும். அதை வைத்து அடையாள அட்டை, பிறகு கடவுச்சீட்டு. இதில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்திருங்கள். பிறப்புப் பதிவேட்டில் முதலில் எழுதியதை அழிக்கிற வழக்கம் இல்லை, மாற்றம்தான் சேர்த்து எழுதப்படும். திருத்திய பிரதி கைக்கு வந்ததும் அதில் என்னென்ன தெரிகிறது என்று நிதானமாகப் படியுங்கள். பழைய விவரம் அதில் தெரிந்தால், கேட்கிற எல்லோருக்கும் அதை நீட்ட வேண்டாம். அடையாள அட்டை போதுமான இடத்தில் அடையாள அட்டையை மட்டும் கொடுங்கள்.

விண்ணப்பிக்கு முன்பே ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி முடிவுசெய்துவிடுங்கள். நம்மவர்களின் பெயர் பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கும், கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் வரும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்கு ஓர் எழுத்தைக் கூட்டிவிடுவார். மற்றவர்களுக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அப்படியில்லை. எழுத்து ஒன்று பிசகினால் "இரண்டும் ஒருவரா?" என்ற கேள்வி வரும், கேள்வி வந்தால் பழைய ஃபைலைத் திறப்பார்கள். அப்பாவின் பெயர் முன்னுக்கு நிற்பதால் தலைப்பெழுத்து மாறாது. அதில் உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

அறுக்கக் கூடாத கண்ணிகள் என்று சொன்னேனே, அவை பணமும் படிப்பும். எண் மாறிய பிறகு ஊழியர் சேமலாப நிதியில் பழைய எண்ணின் கீழ் ஒரு கணக்கும் புதிய எண்ணின் கீழ் இன்னொன்றுமாகப் பிரிந்து நின்றால், பணத்தை எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும். வங்கியிலும் அப்படித்தான். கடன் தகவல் பணியகத்தின் பதிவுகள் அடையாள அட்டை எண்ணை வைத்தே தேடப்படுகின்றன. பழைய எண்ணில் நீங்கள் ஒழுங்காகக் கட்டிய லீசிங் புதிய எண்ணில் இல்லாமல் போனால், கடனே எடுக்காத ஆளாக நிற்பீர்கள். இந்த இரண்டு இடத்திலும் நீங்களாகவே போய், முகாமையாளரிடம் தனியாகப் பேசி, இரண்டு எண்ணும் ஒருவருடையதே என்று எழுத்தில் பதியச் சொல்லுங்கள். கவுண்டரில் வரிசையில் நின்றபடி விளக்கம் சொல்லத் தேவையில்லை. தனியறையில் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

பரீட்சைச் சான்றிதழ்களுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "இப்படிச் செய்கிற வழக்கம் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால், 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த விதியின்படி என்று ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலும் இந்த விண்ணப்பம் போன பிறகுதான் ஃபைல் மேசையில் அசையும். மறுப்பு எழுத்தில் வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கு அதைக் கொண்டு போகலாம். அதுவரைக்கும் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கள். ஊருக்குள் தெரிந்த சமாதான நீதவானிடம் போக வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போய்ச் செய்யுங்கள். சட்டம் சம்பந்தமாக இழுபறி வந்தால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நான் கணினித் தரவுகளோடு வேலை செய்கிறவள், வழக்குப் பேசுகிறவள் அல்ல.

இந்தக் கடதாசிகளைப் பிரதி எடுக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொமினிகேசன் கடைக்குப் போனால் "வட்ஸ்அப்பில அனுப்புங்கோ, பிரின்ட் எடுத்துத் தாறன்" என்பார்கள். அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட் ஃபோல்டரை ஒருநாள் எட்டிப் பாருங்கள். அடையாள அட்டை, விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம் என்று ஊரில் பாதிப் பேருடைய கடதாசி அதில் கிடக்கும், யாரும் அழிப்பதில்லை. பழைய சான்றிதழும் புதிய சான்றிதழும் ஒரே போன் இலக்கத்திலிருந்து ஒரே நாளில் அங்கே போய்ச் சேர்ந்தால், நீங்கள் இவ்வளவு பாடுபட்டு அறுக்கிற கண்ணியை நீங்களே முடிச்சுப் போட்டுக் கொடுத்தது மாதிரி. வீட்டில் ஒரு சின்னப் பிரின்டர் வாங்கி வையுங்கள்.

சரி, இணையத்துக்கு வருவோம்.

நிரல் எழுதுகிறவர் என்பதால் கிட் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காக: நிரலில் செய்கிற மாற்றங்களை வரலாறாகச் சேமித்து வைக்கிற மென்பொருள்தான் கிட், அப்படிச் சேமித்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் உள்ளேயே இருக்கின்றன, கமிட்டின் ஹாஷும் (அதை அடையாளம் காட்டுகிற குறி) அவற்றைச் சேர்த்தே கணிக்கப்படுகிறது. ஒன்றில் பெயரை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாக் கமிட்டின் ஹாஷும் மாறும். அதனால் பலர் பங்களிக்கிற திட்டத்தில் வரலாற்றைத் திருத்தி எழுதுங்கள் என்று கேட்டால் பராமரிப்பாளர் தலையில் கைவைப்பார். எழுதினாலும், ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்திருக்கிறவர்களிடம் பழையது இருக்கும். உங்கள் சொந்த ரெப்போ (திட்டத்தின் களஞ்சியம்), வேறு யாரும் குளோன், அதாவது பிரதி, எடுக்காதது என்றால் தயங்காமல் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியைக் கொண்டு வரலாற்றை முழுதாகத் திருத்துங்கள்.

பொதுத் திட்டங்களுக்கு மெயில்மாப் கோப்பு இருக்கிறது, பழைய கமிட்டுகளை மாற்றாமலே எந்தப் பெயரைக் காட்ட வேண்டும் என்று சொல்கிற கோப்பு. 2019இல் வந்த கிட் 2.23இலிருந்து லொக் (கமிட்டுகளின் பட்டியல்) பார்க்கும்போது அந்தக் கோப்பில் உள்ள பெயரையே கிட் தானாகக் காட்டுகிறது. ஆனால் பலர் அந்த வரியில் புதிய பெயர், புதிய மின்னஞ்சல், பழைய பெயர், பழைய மின்னஞ்சல் என்று நான்கையும் எழுதிவிடுகிறார்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகத்துக்கே காட்டுகிற கோப்பாக அது ஆகிவிடுகிறது. தேடுகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பழைய பெயரை அதில் எழுத வேண்டியதே இல்லை. புதிய பெயர், புதிய மின்னஞ்சல், பழைய மின்னஞ்சல், இந்த மூன்றும் போதும். உங்கள் பழைய மின்னஞ்சலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. கம்பஸ் இலக்கத்தைக் கொண்ட முகவரியென்றால் தப்பித்தீர்கள். பெயரே முகவரி என்றால், என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தில் மெயில்மாப் போடாமலே விட்டுவிடுங்கள். புதிய பெயரோடு அந்தப் பழைய கமிட்டுகளை இணைக்கிற ஒரேயொரு கோப்பு இல்லாமல் இருப்பதே நல்லது.

இந்தத் திட்டங்களை இணையத்தில் வைக்கிற கிட்ஹப் தளத்தில் கமிட்டை ஆளோடு சேர்ப்பது மின்னஞ்சல்தான். பழைய முகவரியை உங்கள் கணக்கிலிருந்து நீக்காமல் வைத்திருந்தால், பட்டியலில் உங்கள் இப்போதைய பயனர்பெயரே தெரியும். உள்ளே போய்த் தோண்டினால் பழையது இருக்கும்தான். பயனர்பெயரை மாற்றுகிறீர்கள் என்றால், விட்ட பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

ஆய்வுக் கட்டுரை விஷயத்தில் காலம் உங்கள் பக்கம். முன்பு பதிப்பாளரிடம் பெயரை மாற்றக் கேட்டால் "திருத்தம்" என்று ஒரு தனி அறிவிப்புப் போட்டு, பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து அச்சடிப்பார்கள். அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். கணினித் துறையின் ஏ.சி.எம். அமைப்பு 2019இல் அந்த அறிவிப்பு இல்லாமலே கட்டுரையில் பெயரை மாற்றித் தருகிற கொள்கையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி போன்ற பெரிய பதிப்பாளர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். காரணம் கேட்கவோ சட்டக் கடதாசி கேட்கவோ கூடாது என்பதுதான் இந்தக் கொள்கைகளின் சாரம், கேட்டால் அவர்களுடைய கொள்கையையே காட்டுங்கள். உங்கள் ஓர்கிட் எண்ணின் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) பதினாறு இலக்கம் மாறாது, அதில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் உங்களை மேற்கோள் காட்டிய இடங்களில் பழைய பெயர் அப்படியே நிற்கும். அதைத் துரத்திக்கொண்டு திரியாதீர்கள். இணை ஆசிரியர்களிடம் மட்டும் ஒரு சொல் சொல்லிவையுங்கள்.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: கைவிட வேண்டாம். வேலை தேடுகிற வயதில் நான்கைந்து வருட உழைப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போக உங்களுக்கு என்ன கட்டாயம்? கட்டுரையை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். நிரலில் மாற்ற முடிந்ததை மாற்றி, முடியாத ஒன்றிரண்டை உரிமை கோராமல் விடுங்கள். எது எது என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான், கொம்பனியோ நானோ அல்ல.

சுயவிவரக் கோவையில் பள்ளிக்கூடப் பெயரை எடுத்துவிடுங்கள். பெயர், எண் எல்லாம் மாற்றிய பிறகும் "மகளிர் கல்லூரி" என்ற இரண்டு சொல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். க.பொ.த. உயர்தரம், ஆண்டு, பெறுபேறு என்று மட்டும் போட்டால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. நேர்முகத்தில் "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்காத யாழ்ப்பாணத்தவர் இல்லை என்பது வேறு விஷயம். "டவுனுக்குள்ள ஒரு பள்ளிக்கூடம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

இனி அந்த வீடியோ. பூப்புனித நீராட்டு விழா என்ற தலைப்போடும் உங்கள் முழுப்பெயரோடும் ஒரு ஸ்ரூடியோக்காரரின் யூடியூப் சனலில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் இதற்கு நீங்கள் செலவழித்த வரிகளைப் பார்க்கும்போதே தெரிகிறது, மற்றதெல்லாவற்றையும்விட இதுதான் உங்களை அரிக்கிறது என்று. பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்காமல் எடுத்து, கேட்காமல் விளம்பரத்துக்குப் போடுகிற இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது வேறொரு நாளைக்கு.

வழக்கறிஞர் கடிதத்தோடு தொடங்காதீர்கள். காசு கொடுத்து வீடியோ எடுப்பித்தவர் உங்கள் அம்மா. அம்மா உங்களோடு நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒரு போன் எடுத்து "தம்பி, அந்த வீடியோவை எடுத்துவிடுங்கோ, எங்களுக்கு விருப்பமில்லை" என்றால் பெரும்பாலும் அன்றைக்கே காரியம் முடியும். காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. சனலில் அது நிறையப் பேர் பார்த்த வீடியோ, அழிக்க மனமில்லை என்று இழுத்தால், முதலில் தலைப்பிலும் விவரத்திலும் உள்ள பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அது அவருக்கு இரண்டு நிமிட வேலை, உங்களுக்குப் பாதி நிம்மதி. கூகுள் பெயரைத்தான் தேடுகிறது. அதற்கும் மசியவில்லையென்றால் யூடியூபின் தனியுரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. முகமோ முழுப்பெயரோ கொண்டு உங்களை அடையாளம் காண முடிகிறது என்று, நிமிடம் விநாடி குறிப்பிட்டு எழுத வேண்டும். பதிவேற்றியவருக்கு அவர்கள் 48 மணிநேரம் கொடுத்துவிட்டுப் பிறகு பரிசீலிப்பது வழக்கம்.

அம்மம்மாவின் மரண அறிவித்தலும் இதே மாதிரித்தான். "அன்புப் பேத்தியும்" என்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், அந்தத் தளங்கள் கூகுளில் நன்றாக மேலே வரும். அறிவித்தலைக் கொடுத்தவர் கேட்டால்தான் திருத்துவார்கள். கொடுத்தது கனடாவில் இருக்கிற அண்ணா, அவர் உங்களோடு பேசுவதில்லை. அவரிடம் நீங்கள் கேட்க வேண்டாம். அவரோடு பேசுகிற சித்தியோ மாமாவோ, "பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் எடுத்துவிடுவோம், இந்தக் காலத்தில் பாதுகாப்பில்லை" என்று பொதுவாகச் சொல்லட்டும். உங்கள் ஒருவருடைய பெயரை மட்டும் எடுத்தால்தான் கேள்வி வரும். எல்லோருடையதையும் எடுத்தால் வராது. குடும்பத்தில் இனி வரும் அறிவித்தல்களில், கலியாணக் கார்ட்களில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்று இப்போதே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். சாவு வீட்டு அவதியில் யாரும் யோசித்து எழுதுவதில்லை.

எங்கே கேட்டாலும் முதலில் மூலப் பக்கத்தைத் திருத்துங்கள். பிறகு கூகுளின் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்புங்கள். மூலம் மாறாமல் கூகுளிடம் போனால் திருப்பி அனுப்பிவிடும். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷினில் பழைய பக்கத்தின் பிரதி இருந்தால் தளத்தின் சொந்தக்காரர் எழுதிக் கேட்பதுதான் எளிது. கேட்கிற மின்னஞ்சல் எல்லாவற்றிலும் "என் பெயர் சட்டப்படி மாறிவிட்டது, பக்கத்தைத் திருத்தித் தாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம் எழுத எழுத அதுவும் யாரோ ஒருவருடைய இன்பொக்ஸில் பதிவாக நிற்கும்.

சட்டம் துணைக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையும் அழிக்கக் கேட்கும் உரிமையும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது தள்ளித் தள்ளிப் போனது. இப்போதைக்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வெளிநாட்டு நிறுவனம், குறிப்பாக ஐரோப்பாவில் உள்ளது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஹங்கேரியில் அகதியாக இருந்த ஒரு திருநம்பியின் வழக்கில், பதிவேட்டில் பால் விவரம் பிழையாக இருந்தால் திருத்த வேண்டும், அதற்கு அறுவைச் சிகிச்சைக்கான அத்தாட்சியைக் கேட்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பியப் பதிப்பாளருக்கு எழுதும்போது அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் (GDPR) 16ஆம் உறுப்புரையைக் குறிப்பிட்டால் பதில் கொஞ்சம் வேகமாக வரும்.

ட்ரூகோலர், மற்றவர்களின் போனில் சேமித்திருக்கிற பெயர், பழைய வகுப்பு வட்ஸ்அப் குழு இவற்றையெல்லாம் இப்போதைக்கு விடுங்கள். புது இலக்கம் ஒன்று எடுத்து, வங்கிக்கும் வேலைக்கும் அதைக் கொடுத்துவிட்டு, பழையதை வீட்டாருக்கு மட்டும் வைத்திருந்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். சிம் உங்கள் புதிய அடையாள அட்டை எண்ணில் பதிய வேண்டும் என்பதால் அட்டை வரும்வரை பொறுங்கள்.

இந்த வாரம் அம்மாவை ஸ்ரூடியோவுக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்யுங்கள். மெயில்மாப் வரி எழுதினால், பராமரிப்பாளருக்கு அனுப்பும் முன் எனக்கு ஒருக்கால் காட்டுங்கள். பழைய மின்னஞ்சல் முகவரி பெயரைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.